பழைய மோட்டார்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வடிகட்டி. யார் என்ன யோசனை கொண்டுபோனாலும் அவரைத் தாண்டி வராது.

நான் கொண்டுபோனது இதுதான். மீன் தொட்டிகளுக்குக் காற்று அனுப்பும் பழைய மோட்டாரை ஒட்டியிருந்த தொட்டியில் மட்டும் மீன்களுக்குக் காயம் சீக்கிரம் ஆறியது. அந்த ஓட்டை மோட்டாரின் அதிர்வுதான் காரணமோ? தெரியாது. சோதித்துப் பார்க்க நாலு தொட்டி கேட்டேன்.

"இன்னைக்கு உங்களுக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒருத்தன் மந்திரம் போட்டுப் புண்ணை ஆத்துறேன்னு வந்து நிப்பான் மேடம்."

"வரட்டும் சார். அவனுக்கும் நாலு தொட்டி குடுங்க. ஆறலைன்னா நடையைக் கட்டச் சொல்லுங்க."

"நம்ம பேரு கெட்டுடும்."

பேராம் பேர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே அந்த மோட்டாரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, சத்தமே போடாத புதுசு ஒன்றை மாட்டினார்கள்.

அன்று என்னைப் பார்க்க வந்த தம்பியிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் சர்க்கரை நோய்க்காரன், கால் விரலில் ஆறாத புண். வழக்கமாக என் ஆராய்ச்சிக் கதையென்றால் கொட்டாவி விடுகிறவன், அன்று வாய் திறக்காமல் கேட்டான்.

அந்த மாதக் கடைசியில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததுமே அந்தச் சத்தம். குப்பையிலிருந்து மோட்டாரைப் பொறுக்கி வந்திருக்கிறான்! புண்ணின் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, வெறும் காலை அதன்மேல் வைத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். விரல் கறுத்திருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

"அறிவிருக்காடா? மருந்தை ஏன் நிறுத்தின?"

"நீதானேக்கா சொன்ன, இதுல ஆறும்னு."

"மீனுக்கு ஆறுமோன்னு சொன்னேன்டா!"

"சரி, மனுஷனுக்கு ஆறாதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

மோட்டாரை அணைத்தேன். அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விரலை எடுத்துவிட்டார்கள்.

மோட்டாரைத் தூக்கிவந்து வடிகட்டியின் மேஜைமேல் டொம்மென்று வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் இந்த மாதிரி யோசனையே வேண்டாம்னேன்."

"யோசனை எங்க சார் நின்னுச்சு? சோதனைதான் நின்னுச்சு. மனுஷன்மேல கை வைக்காதேன்னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். மீன்கிட்ட கேக்கறதுக்கு என்ன கேடு?"

"உங்க தம்பி முட்டாள்தனம் பண்ணினா நான் என்ன பண்றது?"

"விரல் போன பிறகும் அவன் என்ன சொல்றான் தெரியுமா? இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்தா ஆறியிருக்குமாம். மோட்டார் எங்கன்னு கேக்கறான். இல்லடா, ஆறாதுடான்னு சொல்றதுக்காவது எனக்குத் தொட்டி வேணும் சார்."

அவர் மேஜையைப் பார்த்தார்.

"எண்ணெய் ஒழுகுது. முதல்ல இதை எடுங்க."

நான் எடுக்கவில்லை.