காட்டின் மேல் போட்ட துண்டு

மஞ்சணத்திக் காட்டின் மேல் சடையாண்டி துண்டு போட்டு வைத்திருந்ததால், ரயில்காரர்களால் அங்கே தண்டவாளம் போட முடியவில்லை. பச்சைக்கரை வைத்த சாதாரணத் துண்டுதான். பேருந்து சீட்டில் துண்டு கிடந்தால் யாரும் உட்கார மாட்டார்கள் அல்லவா, அப்படித்தான். அளக்க வந்த இன்ஜினியர்கள் துண்டைப் பார்த்துவிட்டு, "ஆளு வருதா?" என்று கேட்பார்கள். "வருது" என்பார் சடையாண்டி. அவர்களும் திரும்பிப் போவார்கள். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

துண்டு வெயிலில் நைந்துகொண்டு வந்தது. காப்புக்காடு என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் துண்டுக்கு வேலையில்லை. ஏழு ஊரில் கையெழுத்து வாங்கி, எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கக் கிளம்பினார். மச்சினன் மாடக்கண்ணு வழியில் மறித்தான்.

"வெறுங்கையோடயா போறீரு அத்தான்? துண்டு போர்த்தாம மனு வாங்க மாட்டாவ."

"கடையில ஒண்ணு வாங்கிக்கிடுதேன்."

"கடைத்துண்டு அவருக்குத் தெனம் நூறு விழுது. காட்டுத் துண்டைப் போர்த்தும். சாகுற வரைக்கும் மறக்க மாட்டாரு."

சடையாண்டிக்கு அது சரியாகப் பட்டது. துண்டை எடுத்து உதறி, மடித்துக் கொண்டுபோய்ப் போர்த்தினார். படம் எடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது காட்டின் மேல் ரயில்காரர்களின் துண்டு கிடந்தது. மடிப்புக் கலையாத புதுத் துண்டு. இடம் போன காடு முனகாமல் எழுந்து, முதல் ரயில் வந்ததும் மரம் மரமாக ஏறிக்கொண்டது. உட்கார இடமில்லை, நின்றபடியே போனது. கடைசிப் பெட்டி சன்னலிலிருந்து ஒரு கிளை நீண்டு சடையாண்டியின் கன்னத்தை உரசிவிட்டுப் போயிற்று.

மாடக்கண்ணுக்கு அதே பாதையில் கேட் கீப்பர் வேலை கிடைத்தது. சடையாண்டி அவனோடு பேச்சை விட்டார். அவன் திறக்கும் கேட் வழியாகப் போகக்கூடாது என்று நாலு மைல் சுற்றிப் போனார். தினமும் சாயங்காலம் ரயில் வரும் நேரத்துக்கு வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். ஈர இலை வாசம் வராது. கரிய எண்ணெய் வாசம்தான் வரும்.

துண்டு கிடக்கிற இடம் துண்டுக்காரருக்கு. காட்டுத் துண்டு தோளைவிட்டு இறங்காததால், சடையாண்டி பிடித்து வைத்த ஆள் என்று மந்திரி பதவியும் எம்.எல்.ஏ.வை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தது. ஆடி மாதம் அவர் தனியாக நடந்து வந்து, எங்கே நிற்கட்டும் என்று கேட்டார். சடையாண்டி கிணற்றடியைக் காட்டினார்.

மூன்றாம் நாள் எங்கிருந்தோ இரண்டு இருவாச்சிப் பறவைகள் பறந்து வந்தன. துண்டை அடையாளம் பார்த்து, எம்.எல்.ஏ.வின் தோளில் இறங்கின. சடையாண்டி கிட்டே போய் முகர்ந்தார். ஈர இலை வாசம். எம்.எல்.ஏ.வின் கால்விரல்கள் மண்ணைப் பிடித்திருந்தன. ஒரு குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

"எடதுகால் பக்கமும் கொஞ்சம் ஊத்தும்," என்றார் எம்.எல்.ஏ.