நான்கு மணி நேரக் காற்று

குடும்பக்கதை எழுதுகிறவளைக் கூப்பிட்டு, "செவ்வாய்க்குப் போறீங்களா?" என்று கேட்டார் வார இதழின் ஆசிரியர்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான்காம் பாகத்தோடு நின்றுபோன விண்கப்பல் தொடருக்கு ஐந்தாம் பாகம் வேண்டுமாம். எழுதியவருக்கு இப்போது கண் சரியில்லை. வேறு யாராவது எழுதினால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு மாமியார் மருமகள்தான் சார் வரும். ராக்கெட் வராது."

"கப்பல்ல ஆறு பேர் இருக்காங்க. ஒரே சமையலறை. அது போதும், எழுதுங்க."

அலுவலகத்தில் அந்தப் பழைய எழுத்தாளருக்கு மூலவர் என்று பெயர். மூலக்கதை அவருடையது. தரிசனமும் சுலபத்தில் கிடைக்காது. அவள் கொண்டுபோன முதல் அத்தியாயத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எண்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

"கதையை நான் பார்க்க மாட்டேன். கணக்கை மட்டும்தான் பார்ப்பேன். ஒரே ஒரு நிபந்தனை. கேப்டன் திரும்பி வரக் கூடாது. செத்தவன் செத்தவன்தான்."

வாசகர்கள் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது கேப்டனை மட்டும்தான்.

வெளியே வந்தவளை மூலவரின் தங்கை வாசல் கேட் அருகே மடக்கினாள். இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணனைப் பார்க்கத் தினமும் தனியாக வந்து போகிறவள்.

"அந்தக் கேப்டன் வேற யாரும் இல்லம்மா. என் வீட்டுக்காரர்."

குடிநீர் நிலையத்தில் முப்பது வருடம் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய நடை, செருமல், எந்தக் குழாயைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லாவற்றையும் மச்சான் அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொன்னார். தெருவும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கப்பலை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். பொறுத்துப் பார்த்த மூலவர், நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் கப்பலின் கதவைத் திறந்து அவரை வெளியே தள்ளிவிட்டார். மாப்பிள்ளை அதை முடிதிருத்தும் கடையில் படித்தார். பாதிச் சவரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனவர், அதன்பின் மச்சான் வாசற்படி ஏறவில்லை.

"ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியாச்சு. நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, இன்னொருத்தர் ஊரார் மாதிரி வெளிய நிப்பாரு. நான் யாருக்குன்னு அழுவேன்? நீங்க அவரைப் பிழைக்க வச்சிடுங்கம்மா."

"உங்க அண்ணன் கூடாதுங்கறாரே."

"எங்க அண்ணன் என்னைக்குத்தான் சரின்னு சொல்லியிருக்காரு?"

அவள் கேப்டனையே போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு நாட்காட்டித் தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் கணக்கு.

"என்னைக் கொன்னதுக்குக் கோபம் இல்லம்மா. கதைன்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க. ஆனா கணக்குப்படி கொல்லணும்ல? எங்கிட்ட சிலிண்டர்ல நாலு மணி நேரக் காத்து இருந்துச்சு. கப்பல் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம், அவரே எழுதினது." மச்சான் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கேட்டார்: "திருப்பச் சொல்லியிருக்கலாம்ல, மச்சான்?"

ஒரு தாளை வாங்கிக்கொண்டு போய் மூலவர் முன் வைத்தாள். "ஒரு வாசகர் அனுப்பினது."

கேப்டன் பிழைக்க வேண்டும் என்று அவள் வாதாடியிருந்தால் மூலவர் கதவைச் சாத்தியிருப்பார். கணக்கில் பிழை என்றதும் அவருக்குக் காது சிவந்தது.

"முட்டாள் வாசகர். திருப்பறதுக்கு எரிபொருளுக்கு எங்க போறது?" என்று சொல்லி, அதையே தாளிலும் எழுதினார்.

மறுநாளே பதில் வந்தது: ஒன்பதாம் அத்தியாயத்தில் இரண்டு டன் மிச்சம் இருக்கிறது.

மூன்று வாரம் தாள்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்தன. அவள் எழுத்தாளர் போய் தபால்காரி ஆனாள். ஐந்தாம் பாகம் ஒரு வரி நகரவில்லை. யாருடைய கையெழுத்து என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது வாரம் அவள் போனபோது மூலவர் வீட்டு வாசலில் கேப்டனே நின்றிருந்தார்.

"ரெண்டு டன்னை யார் குடிச்சது, மச்சான்?"

"வாங்க மாப்பிள்ளை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து சண்டை போடுங்க."

"பேச்சை மாத்தாதீங்க."

"டேங்க்ல ஓட்டைன்னு வச்சுக்கோங்க."

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க? முப்பது வருஷம் பம்பு ஓட்டினவன்கிட்டயே ஓட்டையைச் சொல்றீங்களா?"

நண்பகல் வரை நடந்தது. கடைசியில் மூலவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, உயிரோட கொண்டுவந்து தொலைம்மா. வாசகர்கள் கேக்கறாங்கல்ல."

அவள் நோட்டைத் திறந்தாள். கேப்டன் அதன்மேல் கையை வைத்து மூடினார்.

"வாசகர்களுக்காக நான் வரல. கணக்கு தப்புன்னு மச்சான் ஒத்துக்கட்டும். அப்புறம் கப்பல்ல ஏறுறேன்."

"இல்லாத தப்பை எப்படி ஒத்துக்கறது?"

"அப்ப நான் வெளியவே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மச்சான் வீட்டு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தங்கை அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"கவலைப்படாதீங்க, ரெண்டு வாரத்துல சமாதானம் பண்ணிடறேன்" என்றாள் அவள்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்மா! சமாதானம் ஆயிட்டா நாளைக்கு எதைச் சாக்கு வச்சு இங்க வருவாரு? இழுங்க. தொடர்கதைக்காரங்களுக்கு இழுக்கறதுக்கு நானா சொல்லித் தரணும்?"

அந்த வார அத்தியாயத்தில் மீட்புக் குழு வந்து கயிறு வீசியது. கேப்டன் பிடிக்கவில்லை. கப்பலுக்குக் கணக்குப் போட்டவன் யார், அதை முதலில் சொல்லுங்கள் என்று ரேடியோவில் சத்தம் போட்டார்.

மூலவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு வட்டம்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை இப்படித்தான் பேசுவார். காற்று இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எங்கேயும் எழுதிவிடாதே."