சாய்ந்த அடுப்பு

பழங்கள் நகர்கின்றன, இரும்பு அடுப்பின் வயிற்றுக்குள் குனிந்து பார்த்தவளின் கை கதவை மூடாமல் அப்படியே நின்றுவிடுகிறது, வெள்ளை மாவுக்கரைசலின் மேல் அவள் பரப்பிவைத்த பிளம்ஸ் துண்டுகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் போகின்றன, யாரோ அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டதுபோல, உருகிய வெண்ணெய் அவற்றுக்கு முன்னால் மஞ்சள் கோடாக ஓடிப் பாத்திரத்தின் அந்த ஓரத்தில் தேங்குகிறது, இந்த ஓரத்தில் மாவு தோல் போலத்தான் மிஞ்சும், இது என்ன கூத்து என்று எப்சிபா நினைக்கிறாள், பதறவில்லை, வேறு யார் வீட்டு அடுப்பையோ எட்டிப் பார்த்தவளைப் போல நினைக்கிறாள், கணவர் ஞானதுரை பங்குனியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்கிறாள், தன் கை கேஸ் அடுப்பில் பால் காய்ச்சுவதை, தன் கால் வாசல்வரை போய்த் திரும்புவதை, எல்லாம் யாருக்கோ நடப்பதாக. அடுப்பின் ஜன்னல் பக்கக் காலடியில் விரலை விட்டுத் துழாவுகிறாள், அங்கே இருக்க வேண்டிய தைலமரக் கட்டை இல்லை, சிலந்திக்கூடும் கொஞ்சம் சாம்பலும்தான் அகப்படுகின்றன, பிறகு ஞாபகம் வருகிறது, அடக்கத்தன்று சபைப் பெண்கள் வந்து சமையலறையை எடுத்துக்கொண்டார்கள், பங்குனியில் பெய்யாத மழை அன்றைக்கென்று பெய்தது, விறகெல்லாம் நனைந்து புகைகிறது, காஞ்சது ஏதும் கெடக்கா பாருங்கடி என்று ஒரு குரல், இந்தா இருக்கு என்று இன்னொரு குரல், இத்தனை வருஷம் அடுப்பைத் தாங்கி நின்ற கட்டை துக்கத்துக்கு வந்தவர்களின் காப்பிக்கு எரிந்து போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் இன்றைக்குத்தான் இந்த அடுப்பைப் பற்றவைக்கிறாள், ஓர் ஓட்டுச்சில்லைப் பாத்திரத்துக்கு அடியில் கொடுத்தால்கூடப் போதும், தேடக்கூட எழுந்தாள், பிறகு யாருக்காக என்று தோன்றியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கதவை மூடினாள்.

யாருக்காக என்பதும் பொய், முன்னறையில் பிரிஸில்லா இருக்கிறாள், ஞானதுரையின் மகள், முதல் மனைவி ரூபி விட்டுப்போன ஒரே பிள்ளை, காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியவள் அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அம்மாவின் படத்தையும் ஆணியிலிருந்து கழற்றியாயிற்று, சாயங்கால பஸ்ஸுக்குப் போகணும் என்று வரும்போதே சொல்லிவிட்டாள், அந்தப் பெட்டி படியிறங்கிவிட்டால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் இல்லை, இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் கல்லறையில் இருக்கிறார், அவர் இருந்தபோதே அவள் எப்சிபாவை எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சித்தி என்றும் இல்லை, வேறு எதுவும் இல்லை, நேரே எதிரில் வந்து நின்று பேச்சைத் தொடங்குவாள். எப்சிபாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, இந்த ஒருத்தி வராமல் போய்விட்டால் இந்த வீட்டில் தன்னைத் தெரிந்தவர் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் காலையில் பின்பக்க மரத்தடியில் பழங்கள் சிவந்து கிடப்பதைப் பார்த்ததும் கை தானாகப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டது, மரத்தின் முதல் பழத்தில் காப்ளர் செய்வது இந்த வீட்டு வழக்கம், செய்வதும், பிரிஸில்லா அதைத் தொடாமல் இருப்பதும்.

காப்ளரை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் ரூபி, பள்ளிக்கூட விடுதியில் வார்டனாக இருந்தபோது ஓர் அமெரிக்க டீச்சரம்மாவிடம் கற்றது, கேக்கிலும் சேராது, அல்வாவிலும் சேராது, சோம்பேறிகள்மேல் இரங்கிக் கடவுள் கொடுத்த பலகாரம், ஒரு கப் மைதா, ஒரு கப் சீனி, ஒரு கப் பால், துளி உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர், பாத்திரத்திலேயே வெண்ணெயை உருக்கி அதன்மேல் மாவை ஊற்றி, மாவின்மேல் பழத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான், மாவு தானாக ஏறிவந்து பழத்தை மூடிக்கொள்ளும், கிளறிராத எப்சி, ரூபி கிளற மாட்டா, என்று ஞானதுரை சொல்கிறார், சொன்ன கையோடு அந்தப் பெயரைச் சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொள்கிறார், கல்யாணமாகி வந்த முதல் பிளம்ஸ் காலம் அது, அவள் கிளறவில்லை, செத்தவளின் கைமுறையில் ஓர் எள்ளளவும் மாற்றவில்லை, அடுப்பை மட்டும் நேராக்கினாள். பாளையங்கோட்டையின் தட்டைத் தரையில் வளர்ந்தவளுக்கு இந்தக் கொடைக்கானல் வீட்டில் எதுவுமே நேராக நிற்கவில்லை, சரிவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன வீடு, வருஷத்துக்கு வருஷம் பள்ளத்தாக்கின் பக்கம் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, சமையலறையில் ஓர் எலுமிச்சம்பழம் கைதவறினால் அது தானாக உருண்டு ஜன்னல் சுவரில் போய் முட்டும், வந்த அன்றைக்கே ஒன்று முட்டியது, அவள் சிரித்தாள், கதவோரம் நின்ற ரெட்டைச்சடைச் சிறுமி சிரிக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தாள், கரியைச் சுரண்டினாள், ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அடுப்பின்மேல் வைத்தாள், தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது, தைலமரக் கட்டையைச் சீவிச் சீவி ஜன்னல் பக்கக் காலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டே வந்தாள், ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று, தண்ணீர் தட்டின் விளிம்பைச் சுற்றிலும் சமமாகத் தொட்டபோது புதுப் பெண்டாட்டிக்கு அப்படி ஒரு பெருமை, இத்தனை வருஷமும் இந்தச் சின்ன வேலையைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று.

அன்றைக்கு வந்த காப்ளர் நிலா போல வட்டமாக, எங்கே பார்த்தாலும் ஒரே உயரமாக, ஒரே பொன்னிறமாக வந்தது, மேசையில் வைத்தாள், சிறுமி எழுந்து நின்று பாத்திரத்தைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள், எதையோ தேடுகிறவளைப் போல, பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு வேண்டாம் என்றாள், ஏன் பிள்ளே என்று அவர் கேட்டார், வேண்டாம், அவ்வளவுதான், நல்லாத்தான் வந்திருக்கு என்று அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். என் கை பட்டதனால் வேண்டாம் என்கிறாள் என்று எப்சிபா எடுத்துக்கொண்டாள், வேறு எப்படி எடுத்துக்கொள்வது, மறு வருஷம் வெண்ணெயைக் கூட்டினாள், அதற்கடுத்த வருஷம் சீனியைக் குறைத்தாள், ஒரு வருஷம் பட்டை பொடித்துப் போட்டாள், ஒவ்வொரு வருஷமும் வேண்டாம், சிறுமி கல்லூரிக்குப் போனாள், வேலைக்குப் போனாள், பழம் பழுத்துட்டும்மா என்று ஞானதுரை போன் செய்வார், சில வருஷம் வருவாள், வந்தாலும் வேண்டாம், அந்த ஒரு சொல் எப்சிபாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்புச் சூட்டில் கண் சொருகுகிறது, சமையலறையின் சரிவு கூடிக்கொண்டே போகிறது, சட்டைப் பெட்டி நழுவுகிறது, ஞானதுரையின் கட்டில் நழுவுகிறது, அவர் அதில் படுத்தபடியே ஜன்னலைத் தாண்டிப் பனிக்குள் போகிறார், படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற ரூபி அதே சாம்பல்நிற ஸ்வெட்டரோடு சரிந்த தரையில் கால் பிசகாமல் நடந்து வந்து அடுப்பைத் திறக்கிறாள், அக்கா, நான் கிளறல என்று எப்சிபா சொல்கிறாள், தெரியும் என்கிறாள் ரூபி, ஆனா நேராக்கிட்டியே, என்கிறாள், திட்டவில்லை, சும்மாதான் சொல்கிறாள், அப்போது ஓரம் காந்தும் வாசனை வந்து எப்சிபா விழித்துக்கொள்கிறாள்.

பாத்திரத்தைத் துணியால் பிடித்து மேசைக்குக் கொண்டுவருகிறாள், பார்க்கச் சகிக்கவில்லை, ஜன்னல் பக்கம் மாவு தலையணையாக உப்பி, உள்ளே போன பழங்களின் ஊதாச்சாறு அதன் வெடிப்புகளில் கொதித்து நிற்கிறது, மறுபக்கம் அப்பளம்போல் மெலிந்து விளிம்பு கருஞ்சிவப்பாக முறுகிக் கிடக்கிறது, திரும்பினால் சமையலறை வாசலில் பிரிஸில்லா, தோளில் பை, கட்ட எங்கயோ போயிட்டும்மா, சாஞ்சு போச்சு, நீ சாப்பிட மாட்டேன்னு தெரியும், சும்மா பழம் வீணாப் போகுதேன்னு, என்று எப்சிபா சொல்லிக்கொண்டே போகிறாள், பிரிஸில்லா பையைத் தரையில் இறக்கிவிட்டு மேசையருகில் வந்து, சுடுகிற பாத்திரத்தைத் துணியோடு பிடித்து மெதுவாகத் திருப்புகிறாள், மெல்லிய ஓரம் தன் நெஞ்சுக்கு நேரே வரும்வரை திருப்புகிறாள், விரலால் ஒரு துண்டை ஒடிக்கிறாள், அது முறுக்கைப்போல் ஒடிகிறது, வாயில் போட்டு மெதுவாக மெல்கிறாள்.

அப்பாவுக்கு அந்தத் தடிச்ச பக்கம், என்றாள் பிறகு, அவங்களுக்குப் பல்லுக்கு வேலையே இருக்கப்பிடாது, எனக்கு இந்த மொறுமொறு பக்கம், அம்மா நடுவுல எடுத்துக்கிடுவாங்க, ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான், நீங்க வந்து செஞ்ச அன்னைக்குச் சுத்திச் சுத்திப் பாத்தேன், எல்லாம் ஒண்ணு போல இருக்கு, எனக்குன்னு ஒரு பக்கமே இல்ல.

சொல்லியிருக்கலாமே பிள்ளே, என்று எப்சிபா கேட்டாள், அந்த நிமிஷமே கட்டையப் பிடுங்கி எறிஞ்சிருப்பேனே. அப்பாட்ட சொன்னேன், என்றாள் பிரிஸில்லா, எப்சி ஒரு நா பூரா கெடந்து நேராக்கியிருக்கா, அவ மனசு கஷ்டப்படும், விட்டுரும்மான்னாங்க, விட்டுட்டேன். அப்போதுதான் எப்சிபாவுக்குப் பங்குனிக்குப் பிறகு முதன்முறையாக அவர்மேல் கோபம் வந்தது, இத்தனை வருஷமும் என் மனசு நோகக் கூடாதென்று ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை நோகவிட்டீரே மனுஷா என்று, தனக்கே நடப்பதாக, தன் நெஞ்சே எரிவதாக வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது, அடக்கத்தன்று வராத அழுகை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், பிரிஸில்லா தேற்றவில்லை, கரண்டியை எடுத்து மெல்லிய ஓரத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள், பிறகு பாத்திரத்தின் நடுவை, பாதி மாவும் பாதிச் சாறுமான அந்த நடுவைக் கவனமாக வெட்டி இன்னொரு தட்டில் வைத்து எதிர்ப்பக்கம் நகர்த்தினாள்.

ஆறிரும், உக்காருங்க சித்தி, என்றாள், அடுத்த வருஷமும் கட்டைய வைக்காதீங்க. இருவரும் தின்கிறார்கள், பஸ் நேரம் நெருங்குகிறது, பெட்டி முன்னறையில் கட்டப்படாமல் இருக்கிறது, மேசையில் பாத்திரத்தின் அந்தத் தடித்த பக்கத்தை யாரும் தொடவில்லை, பழங்கள் மாவுக்கடியில் அதனதன் இடத்தில் கிடக்கின்றன, நகரவில்லை, சாறு மட்டும் வெட்டிய இடத்திலிருந்து கசிந்து ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.