பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஊலோங்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பால்தேநீரும் பற்றீஸ் பலகாரமும் கொடுப்பது ஊர் வழக்கம். தொண்ணூற்றாறிலே சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனுக்கும் அந்த வழக்கம் விசா இல்லாமலே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் ஞானம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் தாய் தில்லைநாயகி கையைப் பிசைந்தாள். மகள் பிரியதர்சினிக்கோ உள்ளூரச் சந்தோஷம். சூரிச்சில் அவள் வேலை செய்யும் சீன உணவகத்து முதலாளியம்மா கொடுத்த, பால் வேண்டாத ஊலோங் தேயிலை அலுமாரியில் இருந்தது.

இந்தச் சம்பந்தம் சரிவர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வயது முப்பதை நெருங்குகிறது என்பதற்காக அல்ல. அட்லிஸ்வில் முருகன் கோயிலில் இரண்டு தரம் கண்ட மாப்பிள்ளை கிருபனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல என்ன வெட்கம்?

ஊலோங் பச்சைத் தேயிலையும் அல்ல, கறுப்பும் அல்ல. பாதி கறுக்கவிட்டுப் பதம் பார்த்து நிறுத்திய இலை. மிளகுபோலச் சுருண்டு கிடக்கும், கொதிநீர் பட்டால் முழு இலையாக விரியும். முதல் நீரை இலை கழுவ ஊற்றி உடனே வடித்துவிட வேண்டும். அடுத்த நீரைக் கொஞ்சம் ஊறவிட்டுச் சின்னக் கோப்பைகளில் வார்க்க வேண்டும். அதே இலைக்குத் திரும்பத் திரும்ப ஊற்றலாம். போகப் போகத்தான் வாசனை எழும்பும். இவ்வளவையும் அவள் வந்தவர்களுக்கு முன்னாலேயே செய்தாள்.

முதல் கோப்பையைக் குடித்த கிருபனின் முகம் மலர்ந்தது. "நல்ல வாசம்," என்றான். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அதே இலைக்கு அவள் மறுபடி நீர் ஊற்றியபோதுதான் வந்தது வினை. ஞானம்மா கோப்பையை 'டக்'கென்று வைத்தாள்.

"என்ன பிள்ளை, ஊத்தின சாயத்திலயே திருப்பி ஊத்துறீர்? எங்கட வீட்டில இது தோட்டம் கொத்த வாற ஆக்களுக்குக் குடுக்கிறது."

கிருபனும் கோப்பையை வைத்தான்.

தில்லைநாயகி பதறினாள். "விசயம் தெரியாமச் செய்துபோட்டாள். தர்சினி, அதை எறிஞ்சுபோட்டுப் புதுசாப் போடு!"

"எறிய ஏலாது அம்மா, இதுக்கு இதுதான் முறை," என்றாள் பிரியதர்சினி. எல்லாக் கோப்பைகளிலும் வார்த்து, தானும் ஒன்றைக் குடித்துக் காட்டினாள். "மாமி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டி நானே கொண்டுபோய் ஊத்துறன்."

அவள் கிருபனைப் பார்த்தாள். 'நல்லாத்தானே இருந்தது அம்மா' என்று அவன் சொன்னால் போதும். அவனோ தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானம்மா வேண்டாவெறுப்பாகக் கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"அட, முந்தினதை விட இதெல்லோ திறம்!" வாய்விட்டுச் சிரித்தாள். "நேர கதைக்கிற பிள்ளை. எனக்குப் பிடிச்சிருக்கு."

கிருபனும் கோப்பையை எடுத்தான். "ஓம், திறம்," என்றான்.

அவர்கள் போய்க் கதவு மூடியதும் தில்லைநாயகி முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "பழம் நழுவிப் பாலில விழுந்திட்டுது. எப்ப நாள் வைப்பம்?"

பிரியதர்சினி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"வேண்டாம் அம்மா."

"என்னடி விசர்க் கதை! அந்த மனுசிக்கே உன்னைப் பிடிச்சிட்டுதே!"

"எனக்கும் அவவைப் பிடிச்சிருக்கு. மாமியையெண்டா நாளைக்கே கட்டுவன்."