மீசை வைத்த அம்மா

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனை வரவேற்பறையில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. ஓடி விளையாடிய வாண்டு ஒன்று நாற்காலியில் இடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறியது. முறுக்கு மீசைக்காரர் ஒருவர் பாய்ந்துபோய்த் தூக்கினார்.

"அம்மாவத்தானே சார் கூப்பிடுது?" என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"நான்தாங்க அது."

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

மீசைக்காரரைத் தையல்காரர் ஆக்கினேன். வீட்டு முன்னறையில் கடை. மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். முதல் வரி இப்படி வந்தது:

பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போ—

(அடித்துவிட்டேன். அவர் கிளம்பினால் வெறும் 'போனார்'. அவள் கிளம்பினால் மட்டும் இந்த 'விட்டுவிட்டு' எங்கிருந்து வந்து தொற்றிக்கொள்கிறது?)

அவள் வேலைக்குப் போனாள். ஊட்டியதும் குளிப்பாட்டியதும் தட்டித் தூங்கவைத்ததும் அவர்தான். ஆகவே பிள்ளைக்குப் பேச்சு வந்தபோது அவரை "அம்மா" என்றது.

அவளை? "பஸ்."

3

அவள் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். (சிரிப்புக் கதையில் அழவிடலாமா என்று தயங்கினேன். பெற்ற பிள்ளை "பஸ்" என்றால் யார்தான் அழமாட்டார்கள்?) மறுநாளே நீண்ட லீவு போட்டாள்.

"இனிமே இவனுக்கு எல்லாம் நான்தான். நீங்க தைக்கிற வேலையப் பாருங்க."

"சரிம்மா. ஆனா சோறு ஊட்டறப்போ—"

"பெத்தவளுக்குச் சொல்லித் தராதீங்க."

பெற்றவள் ஊட்டிய சோறு பெற்றவள் முகத்துக்கே திரும்பி வந்தது. தூங்கவைக்கப் போனாள், அவள் தூங்கிவிட்டாள், பிள்ளை எழுந்து தையல் மெஷினடிக்கு வந்துவிட்டது.

தாய்மை ரத்தத்தில் ஊறியது என்று இங்கே ஒரு பத்தி எழுதலாம். இல்லை, பழகினால் யாருக்கும் வரும் என்று எதிர்ப்பத்தியும் எழுதலாம். அதற்குள் சோறு ஆறிவிடும்.

4

ஒரு மதியம், அலுத்துப்போய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காலித் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பினாள்.

"ஏறுங்க, ஏறுங்க! உள்ள தள்ளிப் போங்க!"

ஒவ்வொரு கவளமும் ஒரு பயணி. வாய்க்கதவு திறந்தது, மூடியது. கிண்ணமே காலி.

அன்றிலிருந்து சோற்றுக்கு அவள்தான், தூக்கத்துக்கும் அவள்தான். முன்னறையில் தையல்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தார்.

"என்னங்க இது?"

"உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். வேலை எப்படி ஓடும்?"

"பொறாமையா?"

"ஆமா," என்றார், ஊசியில் நூல் கோக்க முடியாமல்.

5

லீவு முடிந்தது. சீருடையோடு வாசலில் நிற்கிறாள், இடுப்பில் பிள்ளை.

"குடு, நீ கிளம்பு."

"நான் வேணா வேலைய விட்டுடறேன்."

"அதுக்கு நான் கடைய மூடிடறேன்."

"பிள்ளைய அம்மாதானே பாத்துக்கணும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

அவள் கொடுத்துவிட்டுப் போனாள் என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளையின் சட்டையிலிருந்து அவள் விரல்கள் பிரியவில்லை. அவர் கடையை மூடினார் என்று எழுதினேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்க மாட்டேனென்கிறார். இவர்களிடம் நீங்களே பேசிப் பாருங்கள். நிறுத்தத்தில் வேறு கூட்டம் காத்துக்கிடக்கிறது.

முடிவை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் போகப் பிள்ளை கை நீட்டியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இருவருமே இதைப் படிப்பார்கள்.