ஒண்ணுதான்

காலரைத் தைத்து முடித்து மிஷினை விட்டு எழுந்தபோது, மகளின் உதட்டோரத்தில் இளஞ்சிவப்புக் கறையைப் பார்த்தாள். பிறகுதான் தரையில் திறந்து கிடந்த டப்பா கண்ணில் பட்டது.

கணவனின் இரத்தக் கொதிப்பு மாத்திரைகள். தினமும் அட்டையைக் கிழிப்பது அவனுக்கு எரிச்சல். வாங்கி வந்ததுமே எல்லாவற்றையும் பிதுக்கி டப்பாவில் கொட்டிவிடுவான். உள்ளே எத்தனை இருந்தன என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

“எத்தனைடி தின்னே?”

நான்கு வயது முகம் கூசாமல் நிமிர்ந்தது. “ஒண்ணுதான்மா.”

அந்தச் சொல்லை அவள் அப்படியே பற்றிக்கொண்டாள். பொய் சொல்லும்போது மகளின் நாக்கு கன்னத்தை உள்ளிருந்து முட்டும். இப்போது முட்டவில்லை.

மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னார்: “ஒண்ணுன்னாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதுக்கு மேலன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

“சாயங்காலம் டாக்டர் வந்துடுவார், காட்டிக்கலாம்” என்றான் கணவன். “நீ உடனே ஊரைக் கூட்டாதே.”

“ஒண்ணுதானான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“இருபது வரைக்கும் கடகடன்னு எண்ணுறா. என் சுண்டெலிக்கு ஒண்ணு தெரியாதா?”

“டப்பாவுல எத்தனை இருந்துதுன்னு சுண்டெலியோட அப்பாவுக்கே தெரியல.”

அவன் சிரித்தான். வாய் கசக்கும் என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மகள் முன்னால் வைத்தான். “ஒண்ணு எடுத்துக்கோடா.”

அவனை நம்பத்தான் அவளுக்கு ஆசை. பயந்து ஓடினால் பயந்தது நிஜமாகிவிடும்போல இருந்தது. உட்கார்ந்திருந்தால் வீடு வீடாகவே இருக்கும். பாதி தைத்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு மகள் கொறிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. கை பாக்கெட்டுக்குள் போனது. “ஒண்ணு.” மென்று விழுங்கினாள். மறுபடி கை போனது. “ஒண்ணு.”

அவள் மடியிலிருந்த சட்டையைத் தள்ளிவிட்டு மகள் பக்கம் குனிந்தாள்.

“கண்ணு, எத்தனை பிஸ்கட் தின்னே?”

“ஒண்ணுதான்மா.” மடி முழுக்கத் தூள். பாக்கெட் பாதி காலி. நாக்கு கன்னத்தை முட்டவில்லை.

குழந்தை பொய் சொல்லவில்லை. கையில் இருப்பதுதான் அவளுக்கு ஒண்ணு. வாய்க்குள் போனது போய்விட்டது. இல்லாததை எப்படிச் சேர்ப்பது? அடுத்து எடுப்பதும் ஒண்ணுதான். இருபது வரை அவள் ஒப்பிப்பது பாட்டு. அதற்கும் பிஸ்கட்டுக்கும் இன்னும் எந்த உறவும் ஏற்படவில்லை.

பட்டன் டப்பாவை மகள் முன்னால் கவிழ்த்தாள்.

“இதெல்லாம் அப்பாவோட மாத்திரை. நீ எப்படித் தின்னேன்னு அம்மாவுக்குச் செஞ்சு காட்டு. வாயில வைக்கக் கூடாது, இந்தத் துணியில வை.”

“என்ன விளையாட்டு இது?” என்றான் கணவன்.

மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து, உதட்டருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டி, துணியில் வைத்தாள். “ஒண்ணு.” கண்ணை இறுக்கிக் கசப்பை விழுங்குவதுபோல நடித்தாள். அடுத்ததை எடுத்தாள். “ஒண்ணு.”

அவன் சிரிப்பு நின்றது.

“ஒண்ணு.” “ஒண்ணு.”

துணியில் பட்டன்கள் பெருகின. பாதியில் குழந்தை கொட்டாவி விட்டாள். மதியத்தில் வழக்கமாக வரும் தூக்கம்தானா இது? இமைகள் தாழ்ந்து, சிரமப்பட்டு மீண்டும் உயர்ந்தன. கை மட்டும் போய்ப் போய் வந்தது.

“போதும்டா” என்றான் அவன். ஸ்கூட்டர் சாவி எங்கே என்று தெரியாமல் சட்டைப்பைகளைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் மகளை வாரி எடுத்தாள். குழந்தை தோளில் நெளிந்து, கீழே கிடந்த பட்டன்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

“விடும்மா, நான் இன்னும் தின்னு முடிக்கல.”