மயில்கழுத்து வரிசை

நான் ஐந்து வருடமாக என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று யார் கேட்டாலும் என் அம்மா சூசை மேரியிடம் ஒரே பதில்தான். "ரெண்டு பொருளு ஒரே மாதிரி இருக்குதா இல்லையான்னு பாத்துக்கினு இருக்கா." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு என் கல்யாணப் பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சொல்வதில் தப்பே இல்லை என்பதுதான் காரணம். கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வேடு ஒப்புமை உறவுகளைப் பற்றியது. ஒன்று இரண்டாவதைப் போலிருக்கும், இரண்டாவது மூன்றாவதைப் போலிருக்கும். அதற்காக முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போயே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை இன்றைய மரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கும், ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதைக் குறித்து வைப்பவர்களுக்கும், ஒரு நோயாளியின் அறிகுறிகளைப் பழைய நோயாளிகளோடு பொருத்திப் பார்க்கும் டாக்டர்களுக்கும் இந்தச் சின்ன விஷயம் வேண்டியிருக்கிறது. யாரும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பத்து நாள். "இதனால யாருக்கு என்ன பயன்னு கண்டிப்பா கேப்பாங்கம்மா. புக்குல இருக்கறத ஒப்பிக்காத," என்று என் நெறியாளர் கோதண்டபாணி சார் எச்சரித்திருந்தார்.

வீட்டில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. பதினெட்டு வருடம் பின்வரிசையில் நின்று பாடிய அம்மாவை, விழுப்புரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு இந்த வருடம்தான் தலைவியாக்கியிருந்தார்கள். அன்னை திருவிழாப் பூசையைத் தொடங்கிவைக்கும் வருகைப் பாடலின் முதல் அடியை அவள் தனியாகப் பாட வேண்டும். மூன்று மாதமாக மீன் வறுக்கும்போதும் அதே அடி, துணி காயப்போடும்போதும் அதே அடி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே ராகம் பிடிபட்டுவிட்டது.

ஒன்பது பெண்களும் ஒரே மாதிரி மயில்கழுத்துப் புடவை கட்ட வேண்டும் என்றதும் அவள்தான். முதல் புடவையைத் திண்டிவனத்தில் வாங்கினாள். அந்தக் கடையில் அந்த நிறத்தில் இருந்ததே ஒன்றுதான். மற்றவர்கள் கிடைக்கிற கடையில் வாங்க வேண்டியதாயிற்று. போனில் படம் எடுத்து அனுப்பலாமே என்றேன். "போட்டோவுல கலரு மாறிப்பூடும். துண்டு எடுத்துக்கினு போறதுதான் சரி," என்றாள். தன் ஜாக்கெட் துணியில் ஒரு ஓரத்தை வெட்டி இரண்டாம் ஆளிடம் கொடுத்தாள். ஒரே ஆளின் துணியை எட்டுப் பேருக்கு வெட்டினால் ஜாக்கெட்டுக்கு என்ன மிஞ்சும்? அதனால் இரண்டாம் ஆள் தன் புதுப் புடவையிலிருந்து ஒரு துண்டை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க வேண்டும், மூன்றாம் ஆள் நான்காம் ஆளுக்கு. இதில் ஒரு நியாயம் இருந்தது. ஒப்புமை பற்றி இருநூற்று இருபது பக்கம் எழுதிய நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசி ஒத்திகைக்கு ஒன்பது பேரும் புதுப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். வழக்கமான இடங்களில் நின்றார்கள். அம்மா கருநீலத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் நர்ஸ் சகாய பிரியா கொத்தமல்லிப் பச்சையில் இருந்தாள். மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவே ஆளுக்கொரு நிறம்.

"இன்னா கலருடி வாங்கியிருக்க?" என்றாள் அம்மா.

சகாய பிரியா கைப்பையிலிருந்து துண்டை எடுத்துப் புடவைமேல் வைத்துக் காட்டினாள். "பாருங்கக்கா. குடுத்த துண்டு மாதிரியேதான் வாங்கிக்கினு வந்தேன்."

துண்டு புடவையோடு அப்படியே ஒட்டிப்போனது. அடுத்தவளும் காட்டினாள், அதுவும் சரி. எல்லாரும் காட்டினார்கள், எல்லாருமே சரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி ஆர்மோனியத்தின் மேல் வைத்தாள். "பதினெட்டு வருஷம் பின்னால நின்னேன். முன்னால வந்த மொத நாளே ஊரு சிரிக்கப் போவுது. நான் பாடல. வேற யாராச்சும் பாடுங்க," என்றாள். மூன்று மாதமாகக் கேட்டுச் சலித்த அந்த ஒற்றை அடி நாளைக்குக் காதில் விழாமல் போனால் எனக்கும் தாங்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அஞ்சே நிமிஷம் குடு," என்றேன். "எல்லாரும் புடவை வாங்கின வரிசையில நில்லுங்க. மொதல்ல வாங்குனவங்க, அடுத்து ரெண்டாவது, அப்புறம் மூணாவதுன்னு."

முனகிக்கொண்டே நகர்ந்தார்கள். அம்மா ஒரு கோடியிலும் சகாய பிரியா மறுகோடியிலும் போய் நின்றார்கள். நான் பின்னால் நகர்ந்து பார்த்தேன். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகிக்கொண்டே போனது. எங்கே மாறியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. மயிலின் கழுத்தும் அப்படித்தானே இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் கண் இடறியது. ஐந்தாவதாக நின்ற ஜெசிந்தாவுக்கும் ஆறாவதாக நின்ற தெரசாவுக்கும் நடுவே நிறம் ஒரு படி தாவியிருந்தது. தெரசாவின் துண்டை வாங்கி ஜெசிந்தா புடவைமேல் வைத்தேன், ஒட்டவில்லை. தெரசா புடவையோடு மட்டும் ஒட்டியது. அப்படியானால் அந்தத் துண்டு ஜெசிந்தாவின் புடவையிலிருந்து வந்ததில்லை.

"ஒரு புடவை குறையுது," என்றேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்குது. தெரசாக்கா, இந்தத் துண்ட யாரு குடுத்தாங்க?"

"மேரி அக்காதான் குடுத்தாங்க."

"நான் என் துண்ட மேரி அக்கா கிட்டதான் குடுத்தேன்," என்றாள் ஜெசிந்தா.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பீரோவுல இருக்குது," என்றாள் கடைசியில். "ஜெசிந்தா துண்ட வச்சி ஒண்ணு எடுத்தேன். அதுலதான் வெட்டி தெரசாவுக்குக் குடுத்தேன். பரிட்ச அன்னிக்கி இவ கட்டிக்கினு போவட்டுமேன்னு வாங்குனேன். அன்னிக்கிக் காலையில குடுக்கலாம்னு இருந்தேன். ஜாக்கெட்டு கூட தச்சாச்சி."

என் ஆராய்ச்சியை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று ஐந்து வருடமாக மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தவள் நான். அவளோ, குழுவில் இருக்கும் பெண்களுக்கு வாங்கியதுபோலவே எனக்கும் ஒன்று வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

"அப்ப நாளைக்கு நடுவுல நீதான் நிக்கணும்," என்றாள் சகாய பிரியா.

அங்கேதான் சிக்கல். பத்து வயதில் என் பாட்டைக் கேட்ட ஆர்மோனியக்காரர் என்னை மெழுகுவத்தி ஏந்தும் வேலைக்கு அனுப்பிவிட்டார். சகாய பிரியாவும் அன்று அந்தப் பாட்டைக் கேட்டவள்தான். "வாய மட்டும் அசைச்சிக்கினு நில்லு. சத்தம் கித்தம் வந்துச்சி, ஊசி போட்டுடுவேன்," என்றாள். எல்லாருக்கும் முன்னால் சிரித்தது அம்மாதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிப் பூசை. சாம்பிராணிப் புகைக்கு நடுவே பத்துப் பேர் வரிசையாக நின்றோம். நீலக் கோடியிலிருந்து அம்மாவின் குரல் தனியாக எழுந்தது, ஒரு பிசிறு இல்லை. இரண்டாம் அடியில் மற்ற எட்டுக் குரல்களும் சேர்ந்தன. நான் வாயை அசைத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் நின்ற என் அப்பா செபஸ்தியான் பாட்டு முடியும்வரை கையெடுத்துக் கும்பிட்டபடியே இருந்தார். பீடத்தைப் பார்த்தா அம்மாவைப் பார்த்தா என்பது அவருக்கே வெளிச்சம்.

பூசை முடிந்து வாசலில் பொங்கல் வாங்க நின்றபோது, கண்டாச்சிபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரே கலரா, வேற வேற கலரா? ஒண்ணும் பிடிபட மாட்டேங்குதே."

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பக்கத்துல இருக்கறவளோட ஒத்துப்போனா போதுங்க. இந்தக் கடைசி அந்தக் கடைசி மாதிரி இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. நடுவுல ஒண்ணு காணாம போச்சின்னா மட்டும் வரிசையே காட்டிக் குடுத்துடும். எம் பொண்ணு அஞ்சு வருஷமா இதத்தான் படிச்சிக்கினு இருக்கா."

இருநூற்று இருபது பக்கத்தை மூன்று வரியில் முடித்துவிட்டாள். நான் கையில் பொங்கலோடு நின்றேன்.

"அம்மா, இதனால யாருக்கு என்ன பயன்னு பரிட்சையில கேப்பாங்களாம்," என்றேன்.

"கேட்டா என்னக் கூப்புடு," என்றாள் அம்மா. "நீலப் புடவ கட்டிக்கினு மொத வரிசையிலதான் ஒக்காந்திருப்பேன்."